அகமதிப்பீட்டில் எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுப்பது நியாயமா?

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளில் ஒவ்வொரு பாடத்தின் 100 மதிப்பெண்ணில் 10 அகமதிப்பீட்டுக்கு, அதாவது பள்ளியிலேயே ஆசிரியர் செய்யும் மதிப்பீட்டுக்கு, உரியது. அதை எல்லோருக்கும் முழுமையாக வழங்கிவிட்டால் பாரபட்சம் எழாது என்பது உங்கள் கேள்வியின் அடிப்படை. அந்த எண்ணத்தில் இரக்கம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டு முழுவதும் ஒப்படைவுகளை உழைத்து எழுதிய மாணவிக்கும் ஒன்றையும் எழுதாதவருக்கும் ஒரே எண்ணைத் தருவது, அவளுடைய உழைப்பைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறது.

பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவர் யாரென்று தெரியாது. ஐயம் இருந்தால் விடைத்தாள் நகலும் மறுகூட்டலும் கேட்கலாம். அகமதிப்பீடு செய்யும் ஆசிரியருக்கோ மாணவரின் பெயர், கையெழுத்து, குடும்பம், பழைய குறும்பு எல்லாம் தெரியும். எவ்வளவு நேர்மையான ஆசிரியரையும் இவை அறியாமலே சாய்க்கும். ஆகவே எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்னரே அறிவிப்பதும், பெயரை மறைத்து, ஒரே வினாவை எல்லாத் தாள்களிலும் திருத்திய பின்னரே அடுத்த வினாவுக்குச் செல்வதும், இறுதிப் பட்டியல் அனுப்பப்படும் முன் மாணவரிடம் காட்டி விளக்கம் கேட்க இடமளிப்பதும் அவசியம்.

அகமதிப்பீட்டில் வருகைக்கான மதிப்பெண்தான் எனக்கு உறுத்தல். அறுவடைக் காலத்தில் வேலைக்குப் போன பிள்ளையின் வறுமையை அது பாடத்திறனின் குறையாகப் பதிவு செய்கிறது.