எழுத உட்கார்ந்தாலே மனம் வெறுமையாகிவிடுகிறது

கேள்வி: எனக்கு வயது 43. பல வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். நான்கு மாதங்களாக ஒரு பத்திகூட முடியவில்லை. கணினியைத் திறந்ததும் நெஞ்சு படபடக்கிறது, மனம் வெறுமையாகிவிடுகிறது. முதல் வரியையே திரும்பத் திரும்ப அழிக்கிறேன். வேலையெல்லாம் முடிந்து இரவு 11 மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். காபி குடித்துவிட்டு உட்காருவேன். தூங்க இரண்டு மணி ஆகிவிடும், ஆறு மணிக்கு எழ வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காக ஆறு மாதமாக டோபிரமேட் மாத்திரை சாப்பிடுகிறேன். மூளையில் ஏதாவது கோளாறா? இதற்கு மருந்து உண்டா?

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மூளையில் மொழிக்கான பகுதி பாதிக்கப்பட்டால் கதை மட்டும் நின்றுபோகாது. கடிதம், சின்னக் குறிப்பு, பேச்சு எல்லாமே தடுமாறும். உங்கள் கடிதமோ தெளிவாக, கோர்வையாக இருக்கிறது. கதை என்று உட்காரும்போதுதான் சிரமம் வருகிறது. திடீரென்று பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை பலமிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் பிரச்சினை அந்த வகை அல்ல.

இந்த எழுத்துத் தடைக்கு 1947இல் பெயர் வைத்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் மனநோய்களின் பட்டியலில் அது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆகவே இதற்கென்று தனி மாத்திரையும் கிடையாது. அதற்காக உங்கள் வேதனையை நான் சின்னதாக நினைக்கவில்லை. எழுத்தோடு வாழ்ந்தவருக்கு நான்கு மாதம் வரி வராமல் இருப்பது பெரிய கஷ்டம்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது டோபிரமேட். ஒற்றைத் தலைவலியைத் தடுக்க நல்ல மருந்து. ஆனால் சிலருக்குச் சரியான சொல் சட்டென்று வாயில் வராது, யோசனை மந்தமாகும், கவனம் சிதறும். மாத்திரை தொடங்கிய பிறகுதான் உங்கள் சிரமமும் வந்திருக்கிறது. முழுப் பழியையும் அதன்மேல் போட மாட்டேன், ஆனால் சந்தேகப்படாமல் இருக்கவும் முடியாது. பேசும்போதும் தெரிந்த சொல்லைத் தேடுகிறீர்களா என்று கவனியுங்கள், வீட்டில் இருப்பவர்களையும் கேளுங்கள். ஆம் என்றால், மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்தது தூக்கம். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரம் தேவை. உங்களுக்குக் கிடைப்பது நான்கு. காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதாவது 11 மணிக் காபியில் பாதி விடியற்காலை 4 மணிக்கும் உடம்பில் இருக்கும். கதை எழுதும்போது பாத்திரம் என்ன சொன்னது, அடுத்து எங்கே போக வேண்டும், இந்த வாக்கியம் எப்படி முடியும் என்று பலதையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. தூக்கம் கெட்டால் முதலில் குறைவது அந்தப் பிடிமானம்தான். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். இரவில் எழுதுவதைச் சில வாரங்களுக்கு விட்டுவிட்டு, காலையில் 20 நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். 20 நிமிடத்தில் என்ன கதை எழுதிவிட முடியும் என்று தோன்றும். இப்போதைக்குக் கதை முக்கியமில்லை. எழுத உட்கார்ந்தால் பயம் வரும் என்று உடம்பு பழகிவிட்டதே, அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் முக்கியம்.

என்னைக் கேட்டால், விஷயத்தின் மையம் நீங்கள் அழித்து அழித்து எழுதுவதில் இருக்கிறது. 1980இல் மைக் ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், எழுத்தில் தடைப்பட்ட மாணவர்களையும் தடையின்றி எழுதிய மாணவர்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார். தடைப்பட்டவர்களுக்குத் திறமை குறைவில்லை. முதல் பத்தியிலேயே வாசகரைக் கவர வேண்டும், ஒவ்வொரு வாக்கியமும் முதல் முறையே பிழையில்லாமல் வர வேண்டும் என்பது போன்ற இறுக்கமான விதிகள் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தன. மற்றவர்களுக்கும் விதிகள் இருந்தன, ஆனால் உதவாதபோது அவற்றைத் தள்ளிவைத்தார்கள். உங்கள் படபடப்பும் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வரியையும் தேர்வுத்தாள் போல மதிப்பிடும்போது உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கவனம் முழுக்கத் தவறின்மேல் குவிகிறது, கற்பனைக்கு இடமே இல்லாமல் போகிறது.

அதனால் எழுதும் நேரத்தையும் திருத்தும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். காலை 20 நிமிடம் காகிதத்தில், பேனாவால் எழுதுங்கள். அடித்தல் திருத்தல் கிடையாது. சொல் வரவில்லையென்றால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். ஆரம்பம் பிடிபடவில்லையா, சரி, மனதில் தெளிவாகத் தெரியும் ஏதோ ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள். நேரம் முடிந்ததும், நன்றாக வந்துகொண்டிருந்தாலும் எழுந்துவிடுங்கள். எழுதியதை அன்றைக்குத் திரும்பப் படிக்காதீர்கள். திருத்த வார இறுதியில் தனியாக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் முன் கொஞ்சம் நடந்துவிட்டு வருவதும் நல்லது. 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருக்கும்போதைவிட நடக்கும்போதும் நடந்து முடித்த உடனேயும் புது யோசனைகள் அதிகம் வந்தன.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். எழுத்து மட்டும்தான் நின்றிருக்கிறதா, அல்லது முன்பு பிடித்த எதிலுமே இப்போது மனம் ஒட்டவில்லையா? மனச்சோர்வும் ஆர்வமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அதோடு பசி குறைந்தால் அல்லது எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றினால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். தூங்கி எழுந்தும் களைப்பு போகவில்லையென்றால் தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். படபடப்பு குறையவில்லையென்றால் மனநல ஆலோசகரிடம் போங்கள்; பதற்றத்துக்குத் தரும் பேச்சு சிகிச்சை இதற்கும் உதவும். போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.