வாங்குமுன் கேளுங்கள்: வார்னர் பிரதர்ஸ் டிஸ்க்குகள்

கே: அமெரிக்காவில் 2007-ல் வாங்கிய வார்னர் டிவிடி. கீறலே இல்லை, ஆனால் பாதிப் படத்தில் உறைந்து நிற்கிறது. பிளேயரை மாற்றியும் பலனில்லை. லென்ஸ் கிளீனர் வாங்கவா?

வேண்டாம். கோளாறு டிஸ்க்கில்தான், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடுகள் இரண்டைப் பசையால் ஒட்டியது. 2006 முதல் 2008 வரை தயாரான வார்னர் டிவிடிகள் சில, பெட்டியில் பத்திரமாக இருந்தும் உள்ளுக்குள் கெட்டுப்போகின்றன. 2025-ல் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. முடிந்தால் அதே படம், அதன் உரிமை கைவிட்டுப் போயிருந்தால் அதே மதிப்பில் வேறு படம் என்று மாற்றித் தருவதாகவும் சொன்னது. டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள். டிஸ்க்கின் முகம், அடிப்பக்க உள்வளையத்தில் பொறித்த எண், பெட்டியின் பார்கோடு மூன்றையும் படமெடுத்து அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள்.

அந்த வருடங்களின் டிஸ்க்கை இன்று வாங்குவோருக்கும் இது பொருந்தும். சீல் பிரிக்காத பழைய ஸ்டாக்குக்கும் இதே வியாதி வரும். முதல் பத்து நிமிடம் ஓடியதை நம்பாதீர்கள். இரட்டை அடுக்கு டிஸ்க் ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நடுப்பகுதியையும், அதற்குப் பிறகு வருவதையும் ஓட்டிப் பாருங்கள்.

கே: ‘ஃபிரண்ட்ஸ்’ தொடர் முழுவதும் வேண்டும். டிவிடியா, ப்ளூரேயா?

தொடர் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது, அதனால் 2012-ல் வந்த ப்ளூரேயில் தெளிவு நிஜமாகவே கூடியிருக்கிறது. ஆனால் அதில் இருப்பது டிவியில் ஓடிய நீளம் மட்டுமே. அமெரிக்க டிவிடியில் பல எபிசோடுகள் கூடுதல் காட்சிகளோடு இருக்கின்றன. சிரிக்கத்தானே வாங்குகிறீர்கள்? டிவிடியே வாங்குங்கள்.

கே: அமெரிக்காவிலிருந்து தருவித்த டிவிடி இங்கே ஓடவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. டிவிடிகளை உலகப் பகுதிவாரியாகப் பூட்டியிருக்கிறார்கள், பகுதிக்கு ஓர் எண். உங்கள் டிஸ்க்கின் பின்னட்டையில் உருண்டை படத்துக்குள் 1 என்று இருக்கும், அது அமெரிக்காவுக்கு. இந்தியாவுக்கு 5. திருப்பிப் பார்க்க ஐந்து நொடி போதும், அதைக்கூடச் செய்யாமல் கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. ப்ளூரேயில் அமெரிக்காவுக்கு ஏ, நமக்கு சி. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தடை இல்லை. கம்ப்யூட்டர் டிரைவில் பகுதியை ஐந்து முறைதான் மாற்றலாம், பிறகு பூட்டிக்கொள்ளும்.

கே: ஆன்லைனில் ‘வாங்கு’ என்று அழுத்தி, காசு கட்டி வாங்கிய படம் எனக்குச் சொந்தம்தானே?

இல்லை. அந்தச் சொல்லையே நான் ஏற்கவில்லை. நீங்கள் பெற்றது பார்க்கும் அனுமதி. கடைக்கும் ஸ்டுடியோவுக்கும் உள்ள ஒப்பந்தம் முறிந்தால் அதுவும் போகலாம். வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியின் டிஸ்கவரி நிகழ்ச்சிகளைப் பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு, 2023 டிசம்பர் 31 முதல் அவை நூலகத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, குறைந்தது 30 மாதம் இருக்கும் என்றார்கள். காசு கொடுத்தவனுக்குக் கிடைத்தது தவணை! கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், இது வெறும் உரிமம் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக்கூடாது எனச் சட்டமே வந்துவிட்டது. எல்லா ஊருக்கும் அது வேண்டும். திரும்பத் திரும்பப் பார்க்கும் படமென்றால் டிஸ்க் வாங்குங்கள். ஒரு தடவைக்கு வாடகை போதும்.

கே: வார்னர் ஆர்க்கைவ் டிவிடி வாங்கினேன். அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறது. போலியா?

அவசரப்படாதீர்கள். வார்னர் தன் பழைய படங்களுக்காக 2009-ல் தொடங்கிய அந்த வரிசையில் ஆர்டருக்கேற்ப எழுதித் தந்த டிவிடி-ஆர்கள் உண்டு, அவை ஊதாவாகத்தான் இருக்கும். பெரிய ஓட்டம் ஓடிய தொடரின் முழு செட் ஊதாவாக வந்தால்தான் சந்தேகப்படுங்கள். ஒரு சீசன் முழுவதையும் இரண்டே டிஸ்க்கில் திணித்த அப்படியொரு செட்டுக்கு நானும் பணம் கொடுத்திருக்கிறேன், முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். போலியென்றால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கே: பழைய ப்ளூரே பெட்டியில் இருக்கும், படத்தின் ஆன்லைன் பிரதியைப் பெறுவதற்கான டிஜிட்டல் கோட் வேலை செய்யுமா?

அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். ஏற்கெனவே யாராவது பயன்படுத்தியிருப்பார்கள், இல்லையென்றால் தேதி முடிந்திருக்கும்.

கே: பிரிட்டன் டிவிடியில் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிகிறது. வெட்டிவிட்டார்களா?

வெட்டவில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தை அங்கே 25-ஆக வேகமாக ஓட்டுகிறார்கள்.