பில்சனுக்கு ஒரு நாள்: எங்கே தொடங்கலாம்?

கேள்வி: சிகாகோவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மெக்சிகோக்காரர்கள் வாழும் பில்சன் பகுதியைப் பார்க்க ஆசை. கார் இல்லை, சைவம். எப்படிச் சுற்றலாம்?

கார் இல்லாததே நல்லது. நகர மையத்திலிருந்து பிங்க் லைன் ரயிலில் ஏறி, 18-வது தெரு நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்துக்குள்ளேயே சுவரோவியங்கள் தொடங்கிவிடும்.

பலரும் நேராகச் சுவர்களைப் படமெடுக்கப் போகிறார்கள். நான் முதலில் மெக்சிகன் கலைக்கான தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வேன். சற்று மேற்கே நடந்தால் போதும், அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துவிட்டு வந்தால், சுவர்களில் திரும்பத் திரும்ப வரும், மெக்சிகோ மக்கள் வணங்கும் குவாடலூப்பே மாதாவும் எலும்புக்கூடுகளும் புரியத் தொடங்கும்.

அப்புறம் 18-வது தெருவிலேயே கிழக்கே நடங்கள். பல வீடுகளின் கீழ்த்தளம் தெருவைவிடத் தாழ்ந்திருக்கும். கழிவுநீர்க் குழாய் பதிக்க அந்தக் காலத்தில் தெருக்களை உயர்த்தினார்கள். வீடுகள் பள்ளத்தில் நின்றுவிட்டன. அவற்றில் முன்பு இருந்தவர்கள் செக் நாட்டவர். பில்சன் என்பதே அவர்கள் ஊர்ப் பெயர்தான். 1892-இல் எழுந்த தாலியா ஹால் என்ற அரங்கம் அவர்கள் காலத்துக் கட்டடம். 1960-களில் பக்கத்தில் பல்கலைக்கழகம் கட்ட வீடுகளை இடித்தபோது, அங்கிருந்த மெக்சிகோக் குடும்பங்கள் பல இங்கே வந்து சேர்ந்தன.

இப்போது வாடகை ஏறி அவர்களும் வெளியேறுகிறார்கள். தாலியா ஹாலுக்குப் பக்கத்தில், ரசீன் அவென்யூவில் உள்ள காசா அஸ்த்லான் கட்டடத்தை அவசியம் பாருங்கள். பல ஆண்டுகள் சமூக மையமாக இருந்தது. விற்றபின் 2017-இல் அதன் ஓவியங்கள் மேல் வண்ணம் பூசிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொதித்தெழவே, முன்பு அவற்றை வரைந்த ஓவியர் ரே பத்லானே வந்து புதிதாக வரைந்தார். எனக்கு அந்த ஊரிலேயே பிடித்த சுவர் அது. நேரமிருந்தால் 16-வது தெருவில் ரயில்பாதைச் சுவர் நெடுக இருக்கும் ஓவியங்களையும் பார்க்கலாம்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். பீன்ஸ் மசியல் சைவம்போலத் தெரியும், ஆனால் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம். அதற்கு ஸ்பானிய மொழியில் மன்தேகா என்று பெயர். "மன்தேகா இருக்கிறதா?" என்று கேளுங்கள், அந்த ஒரு சொல்லே போதும். சோளமாவை இலையில் சுற்றி அவிக்கும் தாமாலேயிலும் இதே கதைதான். கள்ளிமடல் வைத்து மடித்த சோள ரொட்டியான தாக்கோவும், மயோனைஸ் தடவாத சோளமும் கேளுங்கள். பேக்கரியில் தட்டும் இடுக்கியும் எடுத்து நீங்களே ரொட்டியைப் பொறுக்கிக்கொள்ளலாம். கொழுப்பு, முட்டை பற்றி அங்கேயும் விசாரித்துவிடுங்கள்.