எல்லை தாண்டி வந்த பூச்சு, ஒரே மழையில் போச்சு

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 18 வருடத்துக் கான்கிரீட் கூரை. மார்ச் மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் உள்ள பாறசாலையிலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்து மாடியில் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்தார். 62,000 ரூபாய், 7 வருடம் கியாரண்டி என்று அட்டையும் கொடுத்தார். ஜூன் மழையிலேயே படுக்கையறை உள்கூரை ஈரமாகி, சுவரில் பட்டி பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கேட்டால், "அது தரையிலிருந்து ஏறும் ஓதம், என் வேலையில் தப்பில்லை. கேஸ் போடணும்னா திருவனந்தபுரம் வாங்க" என்கிறார். வேறொருவர் 40,000 ரூபாய்க்கு அதன் மேலேயே இன்னொரு கோட்டிங் அடித்துத் தருகிறாராம். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஈரத் தளத்தில் அடித்த பூச்சு ஒட்டாது, கொப்பளித்துக் கிளம்பும். அதைவிட முக்கியம், பழைய வேலையில் எங்கே கோளாறு என்ற தடயம் புதுப் பூச்சுக்கு அடியில் போய்விடும். உங்கள் கையில் இருக்கும் சாட்சியே அதுதான்.

ஓதம் என்கிறார் அல்லவா? தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் அடிப்பகுதியில்தான் நிற்கும், பெரும்பாலும் இடுப்பு உயரம் வரை. வெள்ளையாக உப்பும் பூக்கும். அது உள்கூரைக்கு ஏறாது. ஆனால் மாடித் தண்ணீர்த் தொட்டி கசிகிறது என்று அடுத்துச் சொல்வார், பாருங்கள். அதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிடுங்கள். இரவில் தொட்டியின் வால்வுகளை மூடி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோடு அப்படியே இருந்தால் தொட்டியில் தப்பில்லை. மழை ஓய்ந்த நாட்களிலும் ஈரம் பரவினால் குழாயைச் சந்தேகப்படலாம்.

அப்புறம் மாடியில் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, ஓரிரு அங்குலம் தண்ணீரை ஒரு நாள் தேக்கி வையுங்கள். எந்த இடத்தில் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். என் ஊகம், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, இல்லாவிட்டால் குழாய் வாயைச் சுற்றி. நடுத்தளத்தில் ரோலரை ஓட்டிவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் வழக்கமான சோம்பல். ஆனால் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் தண்ணீர் தேக்கக் கூடாது. முதலில் சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரம் இருந்தால் அந்த அறை மின்சாரத்தை இன்றே நிறுத்துங்கள்.

சரி, திருவனந்தபுரம் மிரட்டல். அதற்குப் பயப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் விஷயத்தில் வேலை நடந்ததும் இங்கேதான். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், அவர்தான் எல்லை தாண்டி வர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கோளாறு தெரிந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முன் தண்ணீர் தேக்கும் நாளைச் சொல்லி, வந்து பாருங்கள் என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். வராவிட்டால் அந்தச் செய்தியே உதவும். பிறகு சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்டில், 15 நாள் கெடு கொடுத்துக் கடிதம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிப் பாருங்கள். சிலர் அதற்கே இறங்கி வருவார்கள். இறங்காவிட்டால் இன்ஜினியர் அறிக்கை, படங்கள், பணம் கொடுத்த சான்று இவற்றோடு ஆணையத்துக்குப் போகலாம்.

பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள்: 32 என்று தொடங்கினால் கேரளப் பதிவு, 33 என்றால் தமிழ்நாடு. கடிதத்தில் போட வேண்டிய பெயரும் முகவரியும் அதிலேயே கிடைக்கும். கியாரண்டி அட்டை யார் பெயரில் என்பதும் முக்கியம். டப்பாவில் அச்சிட்ட வருடக் கணக்கு பெயின்ட் கம்பெனியுடையது, அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. காண்டிராக்டர் கையெழுத்துப் போட்டது அவருடைய சொந்த வாக்கு.

உள்ளே இப்போதைக்கு உதிரும் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரை அப்படியே விடுங்கள். குமரி மாவட்டத்தில் இடவப்பாதி (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) போனால் ஐப்பசி மழை வந்து நிற்கும். ஒழுகல் அடைபட்ட பிறகும் சுவர் காய வாரக்கணக்காகும். ஆகவே பட்டியும் பெயின்ட்டும் தைப் பொங்கலுக்கு அப்புறம்தான். அதுவரை பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். காலண்டர் மாட்டி மறைக்காதீர்கள், காற்றுப் பட வேண்டும்.