முட்டிக்கு அடிபட்டால் பாதத்தில் ஏன் நாடி பார்க்கிறார்கள்?

கேள்வி: எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அப்பாவுக்கு வயது 56, இனிப்புநீர் உண்டு. போன மாதம் மண் சாலையில் மோட்டார் சறுக்கி விழுந்ததில் முட்டி விலகிவிட்டது. மருத்துவமனையில் அதைப் பொருத்திய பிறகும் ராத்திரி முழுக்கப் பாதத்தில் நாடி பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். பாதம் சூடாகத்தானே இருந்தது? இப்போது வீட்டில் இருக்கிறார். எண்ணெய் போட்டு நீவிவிடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நீவ வேண்டாம் அம்மா. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தொடையில் இறங்கும் பெரிய தமனி, அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், முட்டிக்குச் சற்று மேலே உள்தொடைத் தசையில் உள்ள ஒரு துவாரம் வழியாகப் பின்பக்கம் போகிறது. அங்கிருந்து அதற்குப் பாப்லிட்டியல் தமனி என்று பெயர். முட்டிக்குப் பின்னால் உள்ள குழியில் நரம்புக்கும், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைக்கும் அடியில், எலும்பை ஒட்டியே ஓடும். மேலே அந்தத் துவாரமும் கீழே கெண்டைக்கால் தசையும் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. முட்டி விலகும்போது தமனியால் நகர்ந்துகொடுக்க முடியாது. இழுபட்டு உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில மணி நேரம் கழித்துக்கூட அடைத்துக்கொள்ளும். அப்பாவைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தது அதற்காகத்தான். நல்ல கவனிப்பு அது.

சூட்டை மட்டும் ஏன் நம்பவில்லை? இந்தத் தமனி முட்டிக்கு 5 கிளைகளைத் தருகிறது. நடுக்கிளை மூட்டுக்குள் புகுந்து, அங்கே எலும்புகளைக் குறுக்காகப் பிணைக்கும் சிலுவைத் தசைநார்களுக்கு ரத்தம் தரும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று மற்ற நான்கும் முட்டிச்சில்லைச் சுற்றி வந்து, தொடையிலிருந்தும் கீழ்க்காலிலிருந்தும் வரும் சிறு கிளைகளோடு வலைபோலப் பின்னிக்கொள்ளும். பெரிய சாலை அடைபட்டால் வண்டிகள் தோட்டத்துச் சந்துகளில் சுற்றிப் போகுமே, அப்படிக் கொஞ்சம் ரத்தம் கீழே போகும். பாதம் சூடாகவே தெரியலாம். ஆனால் திடீர் அடைப்பில் முழுக் காலையும் காப்பாற்ற அது போதாது. பல வருடங்களாக மெல்ல அடைபட்டால்தான் அந்தச் சிறு கிளைகள் அகலமாக வளரும். ரத்தம் நின்றால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். தாமதமானால் தசை செத்து, காலையே எடுக்க நேரலாம்.

இப்போது நீவும் விஷயம். அடிபட்டு அசையாமல் இருக்கும் காலில் சிரைக்குள் ரத்தக்கட்டி உருவாகலாம். நீவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். பாதம் வெளுத்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலைத் தூக்க முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 999-க்கு அழையுங்கள். இனிப்புநீர் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி ஏற்கெனவே குறைந்திருக்கலாம். அதனால் அவர் சொல்லட்டும் என்று இருக்காமல், காலையும் மாலையும் இரண்டு பாதங்களையும் நீங்களே தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.