பூனாவில் தயாராகும் மலேரியா ஊசியை என் மகனுக்குப் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. சென்னை ராயபுரத்தில் இருக்கிறோம். ஐந்து மாதத்துக்கு முன் குளிர்காய்ச்சல் வந்து, ரத்தப் பரிசோதனையில் விவாக்ஸ் மலேரியா என்றார்கள். குணமாயிற்று. மூன்று வாரத்துக்கு முன் மறுபடியும் அதே காய்ச்சல், அதே மலேரியா. இரண்டு தடவையும் 14 நாள் சாப்பிடச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முதல் தடவை காய்ச்சல் விட்டதும் ஆறாம் நாளோடு நிறுத்திவிட்டேன். இந்தத் தடவை வயிறு வலிக்கிறது என்று அழுததால் நாலு நாள்தான் கொடுத்தேன். மலேரியாவுக்குத் தடுப்பூசி பூனாவிலேயே தயாராகிறது என்று செய்தியில் பார்த்தேன். பணம் கட்டியாவது இவனுக்குப் போட முடியுமா?

பதில்: அம்மா, நீங்கள் பார்த்த செய்தி உண்மைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஊசியைவிட என் கண்ணில் பட்டது அந்த நாலு நாள் மாத்திரை. அதற்கு வருகிறேன். முதலில் ஊசி.

அதன் பெயர் ஆர்21. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் உருவாக்கியது, பூனாவின் சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. ஆர்டிஎஸ்எஸ் என்ற இன்னொரு ஊசிக்கு 2021லேயே பரிந்துரை கிடைத்துவிட்டது. இரண்டையும் ஆப்பிரிக்க நாடுகளில் ஐந்து மாதக் குழந்தையிலிருந்து தொடங்கி நாலு தவணையாகப் போடுகிறார்கள். உலகில் வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மலேரியாவால் இறக்கிறார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், அதிலும் ஐந்து வயது நிரம்பாத பிஞ்சுகள். கானா, கென்யா, மலாவியில் 2019 முதல் ஆர்டிஎஸ்எஸ் போட்டுப் பார்த்ததில், ஊசிக்கு உரிய வயதுக் குழந்தைகளின் மரணம், விபத்து, காயம் தவிர வேறு எந்தக் காரணத்தால் வந்த மரணமானாலும் சரி, மொத்தத்தில் 13 சதவீதம் குறைந்தது. குழந்தை மருத்துவரான எனக்கு அந்த எண்ணைப் படித்த அன்று மனம் நிறைந்துபோயிற்று.

ஆனால் இந்த இரண்டு ஊசிகளும் ஃபால்சிபாரம் என்ற வகைக்கு எதிராகச் செய்யப்பட்டவை. உங்கள் மகனுக்கு வந்தது விவாக்ஸ். பெயர் மலேரியா என்றாலும் கிருமி வேறு. எத்தனை பணம் கட்டினாலும் ஆர்21 அவனுக்கு இதைத் தடுக்காது. நம் தடுப்பூசி அட்டவணையிலும் அது இல்லை.

அம்மைக்கு ஊசி வந்து எத்தனையோ காலமாயிற்று, மலேரியாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம் என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. தட்டம்மை வைரஸில் மொத்தமே ஆறு மரபணுக்கள். மலேரியா ஒட்டுண்ணியிலோ ஐயாயிரத்துக்கும் மேல். கொசுவின் எச்சிலில் மெல்லிய நூல்போல இருக்கும், ஈரலுக்குள் போனால் வேறு உருவம், ரத்த அணுவுக்குள் புகுந்தால் இன்னொன்று. ஒரு உருவத்தைப் பார்த்து உடம்பு தயாராவதற்குள் அது அடுத்த உருவத்துக்குப் போய்விடும். தட்டம்மை ஒரு தடவை வந்துபோனால் ஆயுசுக்கும் திரும்புவதில்லை. மலேரியா பத்து தடவை வந்தவருக்கும் பதினோராவது தடவை வரும். இயற்கையே தராத பாதுகாப்பை ஊசி தர வேண்டியிருக்கிறது.

கொசு கடித்த சில மணி நேரத்துக்குள் கிருமி ஈரலுக்குள் போய்விடும். அதற்குள் மறித்தாக வேண்டும், அதுதான் இப்போதைய ஊசிகளின் வேலை. ஒன்றே ஒன்று தப்பினாலும் ஈரலுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகும். அதனால் எதிர்ப்புச் சக்தி எப்போதும் உச்சத்தில் இருக்க வேண்டும். மாதங்கள் போகப் போக அது இறங்குவதால்தான் நாலாவது தவணை. வலுவிழக்கச் செய்த கிருமியால் எலிகளைக் காப்பாற்றலாம் என்று ரூத் நுசென்ஸ்வைக் என்ற விஞ்ஞானி காட்டியது 1967இல். அங்கிருந்து முதல் பரிந்துரை வர 54 வருடம் ஆயிற்று. விவாக்ஸுக்கான ஊசிகள் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். விவாக்ஸுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈரலுக்குள் போன கிருமிகளில் சில உடனே பெருகாமல் அங்கேயே தூங்கிவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்து ரத்தத்துக்கு வரும். காய்ச்சலுக்குத் தரும் குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும், காய்ச்சல் விடும், பையன் ஓடியாடுவான். தூங்குகிற கிருமியை அது தொடாது. அதைக் கொல்லத்தான் அந்த 14 நாள் மாத்திரை, பிரைமாகுயின். புதிதாகக் கொசு கடித்தும் மறுபடி வந்திருக்கலாம். ஆனால் முதல் தடவை ஆறு நாளோடு நின்றுபோனதைப் பார்த்தால், தூங்கிய கிருமிதான் எழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தடவையும் நாலே நாள். மூன்றாவது தடவை வருவதற்கு வழி திறந்தே இருக்கிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை. காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு, அதுவும் வயிற்றுவலி என்று அழும்போது, மாத்திரை கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. எதற்காக 14 நாள் என்று உங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லாததுதான் தப்பு.

மீதி மாத்திரை வீட்டில் இருந்தால் நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வாரமே மருத்துவரிடம் போய், இரண்டு தடவையும் எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். அந்த நொதி குறைவாக இருக்கிற பிள்ளைகளுக்கு பிரைமாகுயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். பரிசோதனை சரியாக இருந்தால், எடைக்கு ஏற்ற அளவில் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்வார். வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் பெரும்பாலும் வலி வரும். இட்லியோ சாதமோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். காலண்டரில் நாள் குறித்து, கொடுக்கக் கொடுக்க அடித்துக்கொண்டே வாருங்கள். சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

அப்புறம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். சென்னையில் மலேரியா பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதைவிட நல்ல தண்ணீரைத்தான் தேடும். மேல்தொட்டியும் கிணறும் அதற்குப் பிடித்த இடம். டார்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீரின் மேல்பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல் மிதக்கும் புழுக்கள் தெரியும். மற்றக் கொசுக்களின் புழு தலைகீழாகத் தொங்கும். இது படுத்திருக்கும். அப்படி இருந்தால் தொட்டியைக் கழுவி, இடுக்கில்லாமல் மூடி போடுங்கள். மாநகராட்சி சுகாதார ஊழியரிடமும் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுத் தொட்டிகளையும் பார்ப்பார்கள். ராத்திரி கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். இனி ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், சாதாரணச் சளிக்காய்ச்சல் மாதிரி தெரிந்தாலும், அன்றைக்கே ரத்தம் எடுத்து மலேரியா இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.