ஏற்காட்டில் இருக்கும் அண்ணனுக்கு ஏ.ஏ. கூட்டம் எப்படிக் கண்டுபிடிப்பது?

குடியை நிறுத்த அண்ணனே ஒத்துக்கொண்டார், ஆனால் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் உதவும் குழு) கூட்டத்துக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. சேலம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். கூட்டம் அப்புறம்.

பக்கத்தில் எங்கே கூட்டம் என்று அங்கேயே நர்ஸிடம் கேளுங்கள். 14446 என்ற இலவச உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். இடமும் நேரமும் மாறும் என்பதால் பழைய பட்டியலை நம்பி பஸ் ஏறாதீர்கள். குடும்பத்தாரும் வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டும்தான்.

ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆரம்பித்த இருவருமே குடியில் விழுந்து எழுந்தவர்கள், அதில் ஒருவர் டாக்டர். கட்டணம் கிடையாது. முழுப்பெயரும் சொல்ல வேண்டாம், யாரைப் பார்த்தோம் என்று வெளியே பேசக்கூடாது என்பது அங்கே வழக்கம்.

என் மாமாவோடு போயிருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, ஒருவர் எழுந்து "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார். மாமா மூன்று வாரம் வாயே திறக்கவில்லை, காகித டீ கப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தார். யாரும் வற்புறுத்தவில்லை.

தெரிந்த முகம் வந்தால்? அவரும் அதற்காகத்தானே வந்திருப்பார்! சேலத்தில் மாலைக் கூட்டம் என்றால் ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித் திரும்ப வேண்டும், அன்றிரவு சேலத்தில் உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். அண்ணிக்கு அல்-அனான் என்று குடும்பத்தாருக்கான குழு தனியாக உண்டு, அதையும் விசாரியுங்கள்.